கப்பலில் ஒரு திண்ணை

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், காணையைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் வருவது எங்கள் கெடார். கரும்பும் நெல்லும் சவுக்கும் மல்லாட்டையும் விளையும் மண். கடலுக்கும் எங்களுக்கும் யாதொரு உறவும் இல்லை. கடற்காற்று வேண்டுமென்றால் புதுவைக்குப் பேருந்து ஏறவேண்டும். அத்தகைய ஊரில் பிறந்த எங்கள் அன்னையார், தம் எழுபத்தைந்தாம் வயதில், "கப்பல்ல ஒரு தரம் போயிட்டு வந்துட்டா நல்லாயிருக்கும்" என்று ஒருநாள் வாய்விட்டுக் கூறியபோது நாங்கள் வியப்புற்றோம்.

வியப்புக்கு இடமில்லைதான். அன்னையின் தந்தையார், இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி மலேயாவுக்குப் பால்மரம் சீவச் சென்றவர். போர் முடிந்த பின்னர் ஊர் திரும்பி, மணம் புரிந்து, கெடார் மண்ணிலேயே கண்மூடினார். அவர் சொன்ன கப்பற் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் எங்கள் அன்னை. சிங்கப்பூரில் பணிபுரியும் எங்கள் தங்கையின் மகன் இதனைக் கேள்வியுற்று, சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் சென்று திரும்பும் ஓர் உல்லாசக் கப்பலில் மூன்று இரவுகளுக்கு இடம் பதிவு செய்துவிட்டான். பாட்டனார் சென்ற கடல்வழியின் ஒரு பகுதியையேனும் பாட்டியார் காணட்டும் என்பது அவன் எண்ணம்.

புறப்பட்டவர் ஐவர். அன்னையார், மூத்தவர்களாகிய நாங்கள் இருவர், எங்கள் தம்பி, தம்பியின் மனைவி. எல்லாருக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் ஓர் அச்சம் எங்களைத் தொடர்ந்து வந்தது. அன்னைக்கு மூச்சிரைப்பு நோய் உண்டு.

திண்ணையும் பீடியும்

எங்கள் அன்னை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பீடியைத் தொட்டவர் அல்லர். ஆனால் எங்கள் தந்தையார் விடிந்தது முதல் உறங்கும் வரை பீடியும் தீப்பெட்டியுமாக இருந்தவர். எங்கள் வீட்டுத் திண்ணையின் தூணருகே அவர் அமரும் இடம் இன்றும் கருமை படிந்து கிடக்கிறது. அவர் திண்ணையில் புகைப்பார். அன்னை உள்ளே விறகடுப்பை ஊதுவார். ஐம்பது ஆண்டுகள் இருபுறத்துப் புகையையும் உள்வாங்கிய மார்பு அது. "அடுப்புப் புகை பாதி, அடுத்தவர் புகை பாதி" என்று விழுப்புரத்தில் மருத்துவர் ஒருவர் எங்களிடம் கூறினார். தந்தையார் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆயின. அவர் விட்டுச்சென்ற இழுப்பு மட்டும் அன்னையிடம் தங்கிவிட்டது.

பிறர் விடும் புகையால் புகைக்காதவர் நோயுறுவர் என்பதை உலகம் வெகுகாலம் நம்பவில்லை. 1981-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா, மிகுதியாகப் புகைபிடிக்கும் கணவரைக் கொண்ட, தாம் புகைக்காத மனைவியரிடையே நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதை ஆராய்ந்து வெளியிட்டார். அதன் பின்னரே அரசுகள் விழித்தன. புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன என்றும், அவற்றுள் ஏறத்தாழ எழுபது புற்றுநோயை உண்டாக்கவல்லவை என்றும் இன்று அறிவோம். அடுத்தவர் புகையில் 'இவ்வளவு வரை தீங்கில்லை' என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்று 2006-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை திட்டவட்டமாகக் கூறிற்று. பீடி இலையில் சுற்றியது, ஆகவே சாதுவானது என்று எங்கள் பக்கத்தில் நினைப்பவர் பலர். உண்மையில் நிகோடினும் தாரும் கரியமில நச்சுவாயுவும் சிகரெட்டைவிடப் பீடியிலேயே மிகுதி.

தந்தையாரின் பழக்கம் எங்கள் தம்பிக்கும் ஒட்டிக்கொண்டது. பீடி சிகரெட்டாக மாறிற்று, அவ்வளவே வேறுபாடு.

ரஜூலாவின் தளத்தில்

பாட்டனார் ஏறிய ரஜூலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாமே இன்றைய கிள்ளான் துறைமுகம். ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வங்கக் கடலைக் கடந்தனர். பீடிக்கும் சுருட்டுக்கும் தடையில்லை. கப்பல் ஆட்டத்தைவிட, கீழ்த்தளத்தில் அடைந்து நின்ற பீடிப்புகையும் வாந்தி நாற்றமுமே தம்மை வாட்டியதாகப் பாட்டனார் கூறுவாராம். மழை இல்லாத இரவுகளில் பாயைச் சுருட்டிக்கொண்டு கப்பலின் முன்புறம் போய்விடுவாராம். "முன்னால போனா காத்து, பின்னால போனா பொகை" என்பது அவர் கண்ட பாடம். அந்தப் பாடம் எங்களுக்கும் பின்னர் உதவியது.

1973-இல் ரஜூலாவின் காலம் முடிந்தது. அதன் பின் அதே வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் தமிழகத்துக்கும் மலேயக் கரைக்கும் இடையே இருந்த அந்தப் பயணியர் கப்பற் போக்குவரத்து நின்றது. எனவே நாங்கள் சென்னையிலிருந்து வானூர்தியில் சிங்கப்பூர் சென்றோம். நான்கு மணி நேரமும் தம்பி புகையின்றி அமர்ந்திருந்தான். பன்னாட்டு வானூர்திகள் யாவும் 1996 ஜூலை 1-க்குள் புகையற்றவை ஆகவேண்டும் என 1992-இலேயே பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு தீர்மானித்தது. வானூர்தியில் பொறுத்துக்கொள்ளும் மனிதன் கப்பலில் ஏன் பொறுப்பதில்லை? வானூர்தி சில மணி நேரத்துப் பயணம். கப்பலோ சில நாள்களுக்கு வீடு. வீட்டில் நம் விருப்பப்படி நடக்கலாம் என்ற எண்ணமே காரணம் போலும்.

சிங்கப்பூர் நிலையத்தில் இறங்கியதும் தம்பிக்கு ஒரு சோதனை. அந்நாட்டில் சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு அறவே இல்லை. ஒரு பெட்டியாயினும் அறிவித்துத் தீர்வை செலுத்தவேண்டும். 1970-ஆம் ஆண்டிலேயே பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைப்பதைத் தடுத்துச் சட்டம் இயற்றிய நாடு அது. மின் சிகரெட்டும் அங்கே முற்றிலும் விலக்கு. "ஊரா இது!" என்று தம்பி முணுமுணுத்தான். அன்னையோ, "நல்ல ஊரு" என்றார்.

அறையில் இருந்த தாள்

கப்பல் ஒரு சிறு நகரம். எங்களுக்கு ஒன்பதாம் தளத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். இரண்டிலும் கடலை நோக்கிய சிறு மாடம் இருந்தது. முன்னறையில் தம்பியும் அவன் மனைவியும். அதற்குப் பின்னறையில் அன்னையுடன் நாங்கள். அன்னைக்குத் தூய காற்று வேண்டும் என்றே மாடமுள்ள அறையை மருமகன் கேட்டு வாங்கியிருந்தான்.

மேசைமீது கப்பலின் விதிகள் அச்சிட்ட தாள் ஒன்று இருந்தது. அறைக்குள் புகைத்தல் கூடாது, மாடத்திலும் கூடாது. உணவுக்கூடம், அரங்கு, நடைவழி, மின்தூக்கி எங்கும் கூடாது. திறந்த மேல்தளத்தின் ஒரு பக்கத்திலும், சூதாட்டக் கூடத்தின் ஒரு பகுதியிலும் மட்டுமே புகைக்கலாம். எரியும் துண்டைக் கடலில் எறியலாகாது. மீறுவோர் துப்புரவுக் கட்டணமாகப் பெருந்தொகை செலுத்த நேரும். நாங்கள் இதனை அன்னைக்குப் படித்துக் காட்டினோம். தம்பிக்குப் படித்துக் காட்டவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அது எங்கள் பிழை.

இத்தகைய விதிகள் எளிதில் வந்தவை அல்ல. முன்னாளில் உல்லாசக் கப்பல்களின் எல்லா இடங்களிலும் சாம்பற் கிண்ணங்கள் இருந்தன. 1998-இல் கார்னிவல் நிறுவனம் 'பாரடைஸ்' என்னும் கப்பலை முற்றிலும் புகையற்றதாகக் கடலில் இறக்கியது. அதில் புகைத்தவரைத் தண்டம் விதித்து அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிட்டனர். ஆனால் புகைப்பவரே சூதாட்டத்திலும் மதுவிலும் மிகுதியாகச் செலவிடுவோர் என்று கண்ட நிறுவனம், சில ஆண்டுகளில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. பின்னர்ச் சிறிது சிறிதாக வேறு நிறுவனங்கள் விதிகளை இறுக்கின. பிரின்சஸ் நிறுவனம் 2012-லும், ராயல் கரீபியன், கார்னிவல் ஆகியவை 2014-லும் மாடங்களில் புகைப்பதைத் தடை செய்தன. சூதாட்டக் கூடம் மட்டும் பல கப்பல்களில் இன்னும் விதிவிலக்காகவே நிற்கிறது.

அந்த இரவு

முதல் நாள் மாலை கப்பல் நகர்ந்தது. மலாக்கா நீரிணையின் விளக்குகளைப் பார்த்தபடி அன்னை நெடுநேரம் மாடத்தில் அமர்ந்திருந்தார். எங்களை உறங்கச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் சால்வையைப் போர்த்துக்கொண்டு இருந்தார். நள்ளிரவு கடந்து இருமல் ஒலி கேட்டு விழித்தோம். அன்னையின் மார்பு துருத்திபோல் ஏறி இறங்கிற்று. மாடத்துக் கதவு திறந்திருந்தது. அறை முழுதும் சிகரெட்டின் வாடை.

மருந்தை உறிஞ்சச் செய்து, கதவை அடைத்து, தொலைபேசியில் வரவேற்பு மேசைக்கு முறையிட்டோம். எவனோ ஒழுங்கற்ற பயணி விதியை மீறிப் புகைக்கிறான் என்று சற்றுச் சினத்துடனேயே கூறினோம். சில நிமிடங்களில் பிலிப்பினோ இளைஞர் ஒருவர் வந்தார். எங்கள் மாடத்தில் நின்று காற்றின் போக்கைக் கவனித்தார். கப்பல் முன்னோக்கிச் செல்லும்போது புகை பின்னோக்கியே வரும். ஆகவே முன்னறையிலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று கூறி, முன்னறைக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவன் எங்கள் தம்பி. மாடத்தின் தரையில் ஒரு காகிதக் குவளை. அதில் நீரில் மிதந்தன மூன்று சிகரெட்டுத் துண்டுகள்.

எங்களுக்கு நா எழவில்லை. அந்த இளைஞர் குரலை உயர்த்தாமல், இம்முறை எச்சரிக்கை மட்டுமே என்றும், மறுமுறை கட்டணம் விதிக்கப்படும் என்றும் கூறி, ஒரு சீட்டில் கையொப்பம் பெற்றுச் சென்றார். தம்பி, "உள்ளதானே புடிக்கக் கூடாது; இது வெளி, காத்துல கலந்துடும்னு நெனச்சேன்" என்றான். காற்றில் கலந்த புகை அடுத்த வீட்டுச் சாளரத்தைத் தேடிச் செல்லும் என்பதை அவன் எண்ணவில்லை. அவன் மட்டுமா? நம்முள் யார்தாம் எண்ணுகிறோம்? பேருந்தின் படியில் நின்று புகைப்பவரும், மருத்துவமனைச் சாளரத்தின் கீழ் புகைப்பவரும் அதையேதான் சொல்கின்றனர்.

நாங்கள் தம்பியைக் கடிந்துகொள்ளத் தொடங்கினோம். அன்னை கையமர்த்தினார். மூச்சு இன்னும் சீராகவில்லை. விட்டுவிட்டுச் சொன்னார்: "அவனத் திட்டாதீங்க. வாசன வந்ததும் கதவ நான்தான் சாத்தல. உங்க அப்பாதான் வந்து பக்கத்துல குந்திக்கினு இருக்காரோன்னு நெனச்சேன்."

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். மூச்சைப் பறித்த புகையிலும் ஒரு மனைவிக்குக் கணவனின் நினைவு கலந்திருந்தது. புகைபிடிப்பதை வெறும் விதியாலும் தண்டத்தாலும் ஒழித்துவிடலாம் என்று நினைப்போர் அந்த ஒரு சொல்லைக் கேட்டிருக்கவேண்டும்.

தீயின் பாடம்

மறுநாள் காலை, மாடத்தில் புகைப்பதற்குத் தடை ஏன் என்று அந்த இளைஞரிடம் வினவினோம். அவர் ஒரே சொல்லில் விடையளித்தார்: "தீ." 2006 மார்ச் 23 அன்று கரீபியக் கடலில், ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் ஒரு மாடத்தில் தீ மூண்டது. அணையாத சிகரெட்டுத் துண்டே காரணமாக இருக்கக்கூடும் என விசாரணை கண்டது. மாடங்களின் தடுப்புகளும் நாற்காலிகளும் எளிதில் எரியும் பிளாஸ்டிக்கால் ஆனவை. காற்று ஊதத் தீ தளத்துக்குத் தளம் ஏறிற்று. நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் சேதமுற்றன. பயணி ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னரே மாடங்களில் எரியாத பொருள்களையே பயன்படுத்தவேண்டும் எனப் பன்னாட்டு விதி திருத்தப்பட்டது. மேல்தளத்தில் நின்று ஒருவர் எறியும் துண்டு கடலுக்குள் விழுவதில்லை. காற்று அதைக் கீழ்த்தளத்து மாடத்துக்குள் கொண்டுவந்து போடும். எங்கள் ஊரில் வைக்கோற்போர் அருகே பீடியைக் கொளுத்தக் கூடாது என்று சிறுவர்க்கும் தெரியும். கப்பல் என்பது நடுக்கடலில் மிதக்கும் வைக்கோற்போர் என்று கொள்க.

கப்பலின் திண்ணை

அன்று தம்பி ஒழுங்காக மேல்தளத்தின் புகைக்கும் பக்கத்துக்குச் சென்றான். அவனைத் தேடி நாங்களும் சென்றோம். சீனர், மலாயர், ஆஸ்திரேலியர் எனப் பல நாட்டவர் அங்கே அமர்ந்து, ஒருவர் நெருப்பை ஒருவர் வாங்கிப் பற்றவைத்து, மொழி தெரியாமலேயே நட்புடன் சிரித்துக்கொண்டிருந்தனர். எங்கள் தந்தையாரின் திண்ணை நினைவுக்கு வந்தது. மனிதனுக்குப் புகை மட்டும் தேவைப்படுவதில்லை; கூடி அமர ஓர் இடமும் தேவைப்படுகிறது. குறை ஒன்றே: அந்தத் திண்ணை உணவுக்கூடத்துக்குச் செல்லும் படியருகே இருந்தது. சூதாட்டக் கூடத்துப் புகையும் கதவின்றி நடைவழிக்குப் பரவிற்று. 'இங்கே புகைக்கலாம், இங்கே கூடாது' என்று தரையில் கோடு கிழித்தால் அக்கோட்டைப் புகை படித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே நாங்களே எங்களுக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். நோயுற்றோருடன் செல்லும் வாசகர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இங்கே குறிக்கின்றோம். பதிவு செய்யுமுன் எந்தத் தளத்தில், எந்தப் பக்கத்தில் புகைக்கலாம் என்று கேட்டறியுங்கள். கப்பலின் வரைபடத்தைப் பார்த்து, அவ்விடத்துக்குப் பின்னால் அமைந்த அறையையும் சூதாட்டக் கூடத்துக்கு அண்மையிலுள்ள அறையையும் தவிருங்கள். கப்பல் ஓடும்போது முன்புறம் நில்லுங்கள். துறைமுகத்தில் நிற்கும்போது காற்றின் திசை மாறும் என்பதை மறவாதீர்கள். மூச்சு மருந்தைப் பெட்டியில் வைத்துக் கட்டாமல் கைப்பையிலேயே வையுங்கள். எவரேனும் விதியை மீறினால் நேரே சண்டையிடாமல் கப்பல் ஊழியரிடம் கூறுங்கள். அவர் சொன்னால் பகை வளராது. எல்லாவற்றுக்கும் மேலாக, விதித் தாளை வீட்டார் அனைவரும் கூடிப் படியுங்கள்.

பாட்டனார் இறங்கிய கரை

பினாங்கில் இறங்கி, தமிழ் எழுத்துப் பலகைகள் நிறைந்த தெருவொன்றில் தேநீர் அருந்தினோம். கூட்டம் நெரிந்த கடை, ஆயினும் புகையில்லை. 2019 ஜனவரி 1 முதல் மலேசியாவில் உணவுக்கடைகள் எதிலும், திறந்தவெளிக் கடைகளிலும்கூட, புகைத்தல் தடை. மூன்று மீட்டர் தள்ளிச் சென்றே புகைக்கவேண்டும். தம்பி தேநீரை விட்டுவிட்டுத் தெருமுனை வரை நடந்து திரும்பியபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. அன்னை தம் குவளையிலிருந்து பாதியை அவனுக்கு ஊற்றினார்.

கிள்ளான் துறைமுகத்தில் அன்னை கரையைத் தொட்டதும் சிறிது நேரம் பேசாமல் நின்றார். "எங்கப்பா எறங்கின ஊரு" என்று மட்டும் சொன்னார். ஒரு கைப்பிடி மண்ணை எடுக்க விரும்பினார். எங்கும் சிமெண்டுத் தரை. கப்பலுக்குத் திரும்பிய மாலையில் தம் தந்தை சொன்னபடி முன்புறத் தளத்துக்குச் சென்று அமர்ந்தார். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. மூன்று நாள்களில் அவர் மூச்சு அன்றுதான் ஒலியின்றி ஓடிற்று.

மீண்டும் கெடார்

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. பொது இடங்களில் புகைப்பதை 1999-இல் கேரள உயர்நீதிமன்றமும், 2001-இல் உச்சநீதிமன்றமும் தடுத்தன. 2002-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கண்டது. 2003-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் கடுமையாயின. மீறினால் இருநூறு ரூபாய் வரை தண்டம். 'புகை பிடிக்காதீர்' என்னும் எழுத்து எங்கள் பேருந்துகளில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்பதனுடன் நெடுங்காலமாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் நடத்துநரே அதன் அடியில் நின்று புகைத்ததை நாங்கள் கண்டதுண்டு. இன்று பேருந்துக்குள் புகைப்பவர் அரியர். எனவே மாற்றம் நிகழ்கிறது. ஆனால் சட்டம் பேருந்தின் படியோடு நின்றுவிடுகிறது; வீட்டின் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. மனைவியும் மக்களும் மூச்சுவிடும் அந்த இடத்துக்கு விதித் தாளை யார் அச்சிடுவது?

தம்பி புகையை விட்டுவிட்டான் என்று எழுதினால் கட்டுரை இனிதே முடியும். அவ்வாறு எழுத எங்களுக்கு மனம் இல்லை, ஏனெனில் அவன் இன்னும் விடவில்லை. விட முயல்கிறான்; சில நாள்கள் வெல்கிறான், சில நாள்கள் தோற்கிறான். ஆனால் ஒன்று. ஊர் திரும்பிய மறுநாள் முதல் அவன் திண்ணையில் அமர்ந்து புகைப்பதில்லை. அடக்கமுடியாதபோது வீட்டுக்குப் பின்னே மல்லாட்டைக் கொல்லையின் மறுகோடிவரை நடக்கிறான். அந்தத் தொலைவு நீளமாக இருப்பதால் போகும் தடவைகளும் குறைந்துவிட்டன.

சென்ற மாதம் தூணருகே இருந்த அந்தக் கருமையைச் சுண்ணாம்பு அடித்து மறைக்க நாங்கள் ஆள் அழைத்தோம். அன்னை வேண்டாம் என்று தடுத்துவிட்டார். "அது கெடக்கட்டும். புதுசா கருக்காம இருந்தா போதும்" என்றார். இப்போது மாலை வேளைகளில் அவரே அந்தத் தூணில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். ஏரிப்பக்கத்துக் காற்று வருகிறது. கொல்லையின் கோடியில் ஒரு சிறு கங்கு மினுக்கி அணைவதை அவர் பார்க்கிறார். பார்த்தும் ஒன்றும் சொல்வதில்லை.